சஜிதாவின் கடை பதில் சொன்னது

பசுந்தாங்கில் சஜிதா நடத்திய கடைக்குக் கதவும் இல்லை, பலகையும் இல்லை. இருந்தது ஒரு போன். பர்மியப் பெண்கள் இடுப்பில் கட்டும் தமெய்ன் துணிகளைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போடுவாள். ராணுவம் தடை செய்த ஃபேஸ்புக்கைத் திறக்க விபிஎன் என்ற செயலி வேண்டும். தெருச் சோதனையில் அது போனில் இருந்தால் சிப்பாய்கள் ஆளையே கொண்டுபோய்விடுவார்கள். ஆகவே வீட்டில் ஏற்றுவதும், வெளியே போகுமுன் அழிப்பதும் அவளுக்குச் செருப்பு மாட்டுவதுபோல் பழகிப்போயிற்று. வாங்குகிறவர்கள் பணத்தைப் போனுக்கே அனுப்புவதால், பணம் வந்த சத்தம் கேட்டுத் துணி கொடுக்க, புருஷன் ஆபித் அந்தப் போனைக் கொண்டுபோவான்.

அன்று காலை அபூர்வமாகக் கரண்டு வந்தது. போவதற்குள் படங்களை ஏற்றிவிடத் துடித்தாள்.

"லைங் தாயா போற பஸ்ஸு போயிரும், குடு புள்ள," என்றான் ஆபித்.

கொடுத்துவிட்டாள். அவன் போன பிறகுதான் விபிஎன்னை அழிக்காதது உறைத்தது.

பாலத்தருகே அவனை இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று பஸ்காரன் மாலையில் வந்து சொன்னான். கீழ்வீட்டு அஸ்மாவின் போனில் சஜிதா தன் கடைப் பக்கத்தைத் திறந்தாள். கடைக்குள் யாரோ இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிந்தது.

"ஆபித்தாத்தான் இருக்கும்," என்றாள் அஸ்மா.

சஜிதா திரையையே பார்த்தாள். ஆபித்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

துணி இன்னும் வரவில்லையே என்று ஒருத்தி கேட்டிருந்தாள். சஜிதாவின் கண்ணெதிரே கடை பதில் எழுதியது: "விலாசம் அனுப்புங்கள் அக்கா. வீட்டிலேயே இருங்கள், வருகிறோம்."