சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நிலா

கண்ணுகளா, சாமி படத்துக்குப் பக்கத்தில் வட்டமாக ஒரு படம் மாட்டியிருக்கிறேனே, அது நிலா இல்லை. கோழிக்கறி. இத்தனை வருசமாக உங்களிடம் பொய் சொல்லிவந்தேன். அதைவிடப் பெரிய பொய் ஒன்றும் அந்தப் படத்துக்குள் இருக்கிறது...

நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கோயமுத்தூரில் ஒரு கல்லூரி லேபில் எடுபிடியாக இருந்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. அங்கே ஒரு மேடம், கத்தி வைக்காமல் வெளிச்சத்தைப் பாய்ச்சியே உடம்புக்குள் பார்க்க முடியுமா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சதைக்குள் போகிற வெளிச்சம் பாலில் விழுந்த மாதிரி சிதறிவிடும்; படம் மங்கலாகத்தான் வரும். அதைத் தெளிவாக்கினால் அவருக்கு டாக்டர் பட்டம்.

தினமும் சாயங்காலம் கோழிக்கறியை மெல்லிசாக அரிந்து உப்புத்தண்ணீரில் ஊறப்போடுவது என் வேலை. காலையில் மேடம் அதன் பின்னால் ஓர் ஊசியை வைத்துப் படம் எடுப்பார்.

ஒருநாள் டப்பாவில் உப்பு இல்லை. ஏன் இல்லை? மாங்காய்க்குத் தொட்டுத் தொட்டு நானே தின்று தீர்த்திருந்தேன்! திட்டு விழுமே என்று, டீக்கு வைத்திருந்த சர்க்கரையை அப்படியே தண்ணீரில் கொட்டிவிட்டேன். கறி கெடாமல் இருந்தால் போதாதா என்று நினைப்பு...

மறுநாள் ஊசியின் காதுகூடத் தெரிந்தது.

"ஏனுங்கண்ணா, நேத்து ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"இல்லீங்க மேடம். எப்பவும் போலத்தானுங்க."

முந்தின நாள் லென்ஸைத் திருகியதால்தான் என்று அவர் நம்பிவிட்டார். எனக்கு ஜிலேபி வேறு வாங்கித் தந்தார். அதையும் தின்றேன்.

அப்புறம் உப்புத்தண்ணீர்தான். படம் பழையபடி மங்கல். மாதக்கணக்கில் லென்ஸைத் திருகினார். "கோழிக்கு எம்மேல என்ன கோவமோ தெரியலீங்கண்ணா" என்று சிரித்தவர், பிறகு சிரிப்பதையும் விட்டார். சர்க்கரைதான் காரணமோ என்று எனக்கு அப்போதே தட்டியது. திரும்பப் போடவும் பயம், சொல்லவும் பயம். வேலை போய்விட்டால் உங்களுக்குச் சோறு? அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்... உண்மையில் மாங்காய் தின்றதைச் சொல்ல வெட்கம்.

ஒரே ஒரு தடவை வந்த படத்தை ஏற்க முடியாது என்று பட்டம் கொடுக்கிற பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மேடம் பட்டம் வாங்காமலே கிளம்பினார். போகும்போது படத்தை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே வச்சுக்கங்கண்ணா. இதப் பார்த்தா என் கை மேலயே எனக்குச் சந்தேகமா இருக்குதுங்க."

வாங்கி வந்து உங்களிடம் நிலா என்றேன். நடுவில் என்ன கோடு என்று கேட்டீர்கள். ராக்கெட் என்றேன்.

நீங்கள் எல்லோரும் தாராபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போன அன்று படத்தைக் கழற்றினேன். பின்பக்கத்தில், 'சர்க்கரை, அரைக் கிலோ. உப்பு இல்லை' என்று பேனாவால் எழுதினேன். பிறகு அதே ஆணியில் மாட்டினேன், எழுத்து சுவர்ப்பக்கமாக.