நல்ல செய்தி ஒன்றைப் பற்றி இரண்டு நிமிடம்

நாற்பத்து மூன்று வயதில் நான் ஆங்கிலத் தேர்வுக்குப் போனேன். ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினாறு வருடமாகத் தாதியாக வேலை பார்க்கிறேன். நோயாளியின் நிலையை டாக்டருக்குச் சொல்வது ஆங்கிலத்தில், அதையே நோயாளியிடம் தமிழில், அவருடைய மகளிடம் மலாயில், பக்கத்துக் கட்டில் சீன ஆன்ட்டியிடம் கைஜாடையில். இதற்கெல்லாம் யாரும் எனக்கு மதிப்பெண் போட்டதில்லை. ஆனால் நியூசிலாந்துக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால், எனக்கு ஆங்கிலம் பேச வரும் என்று ஒரு தாள் சாட்சி சொல்ல வேண்டுமாம்.

போகும் யோசனையும் என்னுடையது அல்ல. வார்டில் என்னைவிட மூத்த ஓர் அக்கா இருந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா ரயில்வேயில், அப்பா பள்ளிக்கூடத்தில். வீட்டிலேயே ஆங்கிலம் புழங்கியவர். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தொழிலாளர் லயங்களை இடித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகு, எங்கள் குடும்பம் ஈப்போவில் சிலிபினுக்குக் குடிவந்தது. பத்து வருடம் இருவரும் ஒரே ஷிப்டில் இருந்தோம். அவர் நியூசிலாந்து போய் ஒரு வருடமான பிறகு போன் செய்யும்போதெல்லாம், “நீயும் வாவன்” என்று ஆரம்பித்தார்.

என் கணவருக்குக் கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை. தேர்வு என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

“நீதான் தெனமும் டாக்டர்கூட இங்கிலீஷ் பேசுறியே. இன்னும் என்னலா படிக்கணும்?”

“டாக்டர் பிரஷர் எவ்ளோன்னுதான் கேப்பாரு. இவங்க வேற மாதிரி கேப்பாங்களாம்.”

வேறு மாதிரி என்றால் எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு டியூஷன் சென்டரில் சேர்ந்தேன். கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி. சொல்லிக்கொடுத்தவருக்கு இருபத்தாறு வயது இருக்கும். என் மூத்த மகளைவிட ஐந்து வயதுதான் அதிகம். வெள்ளைப் பலகையில் நான்கு தலைப்புகளை எழுதினார்: சுற்றுச்சூழல், தொழில்நுட்பம், ஆரோக்கியம், சுற்றுலா. இதைத் தாண்டி ஒன்றும் வராது என்றார். வந்தாலும் பயமில்லை. அவரிடம் ஒரு கதை இருந்தது. கேமரன் மலைக்கு வெளிநாட்டு நண்பர் ஒருவரோடு போய், தேயிலைத் தோட்டம் பார்த்து, மழையில் மாட்டிக்கொண்டு, வாழ்க்கையில் ஒரு பாடம் கற்ற கதை.

“எந்த டாபிக் வந்தாலும் கேமரன் மலைக்குக் கொண்டு போயிருங்க அக்கா. சாப்பாடு கேட்டா மலைல ஸ்ட்ராபெரி சாப்டோம். பயம் கேட்டா மலைப் பாதை. நட்பு கேட்டா அந்த வெள்ளைக்காரன்.”

“எனக்கு வெள்ளைக்காரக் கூட்டாளி யாரும் இல்லையே, தம்பி.”

“பரீட்சைல இருக்கலாம், தப்பில்ல.”

ஆறு வாரம் அந்த வெள்ளைக்காரனோடு மலை ஏறி இறங்கினேன். சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அவனுக்கு ஒரு பெயர்கூட வைத்தோம். கடைசி வாரத்தில், எங்கள் வீட்டில் நடந்த எதையும்விட அவன் செருப்பு அறுந்த இடம் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

தேர்வு ஈப்போவில் ஒரு ஹோட்டலில் நடந்தது. எழுதுவது, வாசிப்பது, கேட்பது எல்லாம் காலையில் முடிந்தன. பேச்சுக்கு மதியம். கதவைத் திறந்தால், உள்ளே என் வயதுப் பெண் ஒருத்தி நெற்றியில் சின்னப் பொட்டோடு உட்கார்ந்திருந்தாள். வேறு எங்காவது பார்த்திருந்தால், எந்த ஊர், எந்தத் தோட்டம் என்று கேட்டிருப்பேன். அவள் ஒலிப்பதிவுக் கருவியை அழுத்திவிட்டு, ஏதோ கடல் தாண்டிய தூரத்திலிருந்து பேசுவது போன்ற ஆங்கிலத்தில் என் அடையாள அட்டையைக் கேட்டாள். நானும் அதே தூரத்திலிருந்து கொடுத்தேன்.

ஊர், வேலை என்று இரண்டு கேள்வி. சரளமாகச் சொன்னேன். மூன்றாவதாக, “மேகங்களைப் பார்ப்பது உங்களுக்குப் பிடிக்குமா?” என்று கேட்டாள்.

சரியாகக் கேட்கவில்லையோ என்று திருப்பிக் கேட்டேன். மேகம்தான். நாற்பத்து மூன்று வருடத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. ஆரோக்கியத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் நடுவில் அது எங்கே ஒளிந்திருந்ததோ. கொடியில் துணி காயும் நாட்களில் பார்ப்பேன் என்றேன். பிடிக்குமா என்று மறுபடி கேட்டாள். என் அப்பா தோட்டத்தில் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர், மரம் நனைந்தால் அன்றைக்கு வேலை இல்லை, அதனால் எங்கள் வீட்டில் மேகத்தை யாரும் விரும்பிப் பார்த்ததில்லை என்று ஆரம்பித்தேன். நனைந்த பட்டையில் பால் எப்படி வழிந்து ஓடிவிடும் என்று விளக்கும் இடத்துக்கு வந்தபோது, “நன்றி, இப்போது அடுத்த பகுதிக்குப் போவோம்” என்றாள்.

அடுத்தது அட்டை. ஒரு நிமிடம் யோசிக்கலாம், இரண்டு நிமிடம் பேச வேண்டும். அட்டையில் இப்படி இருந்தது: உங்களுக்கு நன்கு தெரிந்த ஒருவரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்ட நல்ல செய்தி ஒன்றைச் சொல்லுங்கள். அதைக் கேட்டபோது நீங்கள் எப்படி உணர்ந்தீர்கள்?

வெள்ளைக்காரனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவனுக்கு என்ன நல்ல செய்தி வந்திருக்க முடியும்? கல்யாணமா, பதவி உயர்வா? மலையிலிருந்து அவன் இறங்கவே இல்லை. காகிதத்தில் நான் எழுதியது ஒரே சொல்: அக்கா.

பேச ஆரம்பித்தேன். மதிய ஷிப்ட் மாறும் நேரம். பேன்ட்ரியில் அக்கா போனை நீட்டி, “எனக்கு வந்திட்டுது, பார்” என்றார். நியூசிலாந்திலிருந்து வேலை உறுதிக் கடிதம். நான் கட்டிப் பிடித்தேன். ரொம்ப சந்தோஷம் என்று மூன்று மொழியிலும் சொன்னேன். பிறகு கழுவும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஏற்கெனவே கழுவி அடுக்கியிருந்த நோயாளிகளின் பெட்பேன்களை எல்லாம் இறக்கி மறுபடி கழுவினேன். எனக்குச் சந்தோஷமே இல்லை. பத்து வருடம் ஒரே வேலை, ஒரே சம்பளம், ஒரே முதுகு வலி. அவர் போகிறார், நான் ஏன் இங்கே நிற்கிறேன் என்றுதான் இருந்தது. அடுத்த மாதம் தீபாவளிக்கு யார் லீவு எடுப்பது என்ற கணக்கும் அதே நேரத்தில் மனதில் ஓடியது. இதை நான் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

இதையெல்லாம் ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னதால்தான் சொல்ல முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது. தமிழில் சொல்லியிருந்தால் பாதியிலேயே என் அம்மா குரல் என்னை நிறுத்தியிருக்கும்.

இரண்டு நிமிடம் முடிந்து அவள் கையை உயர்த்த வேண்டியிருந்தது. பிறகு கேட்டாள்: “மற்றவர்களின் நல்ல செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்படுவது சிலருக்கு ஏன் கடினமாக இருக்கிறது?”

“மறுநாளும் அவர்களோடு அதே ஷிப்டில் வேலை பார்க்க வேண்டியிருப்பதால்” என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. மாறக் கூடாது என்பது அவர்கள் விதி போலிருக்கிறது. ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்க வாய் திறந்தவள், ஒருமுறை மூடிவிட்டு மறுபடி திறந்தாள்.

வெளியே கணவர் காரில் உட்கார்ந்திருந்தார். தே தாரிக் டீ கட்டிய பாக்கெட் ஒன்றை நீட்டினார்.

“என்ன கேட்டாங்க?”

“மேகம்.”

“மேகமா? கேமரன் மலைல மேகம் இருக்குமே. அங்க கொண்டு போனியா?”

அது எனக்குத் தோன்றவே இல்லை. டியூஷன் தம்பியும் போனில் அதையேதான் கேட்டார். ஆறு வாரம் வீணாகிவிட்டது என்பது போலப் பெருமூச்சு விட்டார்.

முடிவு வந்தபோது பேச்சில்தான் எனக்கு அதிக மதிப்பெண். கேட்பதிலும் வாசிப்பதிலும் தேறிவிட்டேன். எழுத்தில் மட்டும் தேவையானதற்கு அரைப் புள்ளி குறைந்திருந்தது. எழுத்துக்கு வந்த தலைப்பு, மருத்துவமனைகளில் பார்வையாளர் நேரத்தைக் குறைக்கலாமா என்பது. பதினாறு வருடக் கோபத்தை முதல் பக்கத்திலேயே கொட்டியதில், முடிவுரை எழுத நேரம் இல்லாமல் போனது. எனக்குத் தெரிந்த விஷயத்தில் தவறி, தெரியாத விஷயத்தில் தேறியிருந்தேன்.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். மதிப்பெண்ணைச் சொன்னேன். பேச்சில் என்ன தலைப்பு என்று கேட்டார். கொஞ்ச நேரம் சுற்றி வளைத்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், கழுவும் அறை உட்பட.

அக்கா சொன்னார், “எனக்குத் தெரியும். ரெண்டாம் முறை கழுவுற சத்தம் கேட்டது. நான் பேன்ட்ரியிலதான் நிண்டனான்.”

“ஒண்ணும் சொல்லலையே அக்கா நீங்க.”

“என்னத்தைச் சொல்ல? எனக்கு முதல் அந்த ஐசியு நர்ஸ் பிள்ளை வெளிநாடு போகேக்க நான் ரெண்டு கிழமை அவளோட கதைக்கேல்லை. நீயெண்டா கட்டியாவது பிடிச்சாய்.”

இருவரும் சிரித்தோம். அதன் பிறகு அவரோடு பேசுவது எனக்கு எளிதாகிவிட்டது. அங்கே குளிரில் விரல் வெடிப்பதையும், தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதையும் அவர் அதுவரை சொன்னதே இல்லை. அன்று சொன்னார். “வாவன்” என்று மட்டும் அன்று அவர் சொல்லவில்லை. நானாகத்தான் வருகிறேன் என்றேன்.

அரைப் புள்ளிக்காக மறுபடி முழுத் தேர்வும் எழுதினேன். இந்த முறை பேச்சில் வேறொரு பெண். அட்டையில், ஆரோக்கியமாக இருக்க நீங்கள் செய்யும் ஒரு செயல். முதல் தேர்விலிருந்தே நான் காத்திருந்த தலைப்பு. மலைப் பாதையில் நடப்பதை, செருப்பு அறுவதை, வெள்ளைக்காரனை, எல்லாவற்றையும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தேன். பேச்சில் முன்பைவிட ஒரு புள்ளி குறைவாக வந்தது. போதுமான அளவுதான். எழுத்திலும் தேறிவிட்டேன்.

கணவர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“மொத தடவ பேசுனதையே பேசியிருக்கலாம்ல?”

“அத ரெண்டு தடவ பேச முடியாது.”

இரண்டு தாள்களையும் அவர் மடித்து உறைக்குள் வைத்தார்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இப்போது என் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயருக்கு ஒரு எழுத்து கூடுதலாக இருப்பதாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி எழுதிக் கொடுத்த பெயர். அதைச் சரிசெய்ய வாரா வாரம் அரசாங்க அலுவலகத்தில் நம்பர் எடுத்து உட்காருகிறேன். கவுன்டரில் இருப்பவர், உங்கள் அப்பா உண்மையில் யார் என்று மலாயில் கேட்கிறார். யோசிக்க ஒரு நிமிடம் தருவதில்லை. நான் பாட்டுக்குப் பால்மரம், மழை என்று அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர் தலையாட்டிக்கொண்டு இன்னொரு படிவத்தை நீட்டுகிறார்.