இல்லறம் நடந்ததா?

எங்கள் டாக்டரம்மா ஜெயப்பிரியா பழனி அடிவாரத்துப் பெண். அப்பா மயில்சாமி சன்னதி வீதியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிறார். பிள்ளை வரம் கேட்டு வருகிறவர்களுக்கு அவர் கீழே பஞ்சாமிர்தம் விற்க, மகள் கொடைக்கானலில் உட்கார்ந்து பிள்ளை பிறக்காமல் இருக்க மருந்து கண்டுபிடிக்கிறார். மயில்சாமிக்கு இது வெளியே சொல்லிக்கொள்ளும்படியான சங்கதி இல்லை. யாராவது கேட்டால், "பாப்பா வயித்துச் சம்பந்தமா ஆராய்ச்சி பண்ணுது" என்பார். பொய் என்றும் சொல்ல முடியாது.

நான் மணிமேகலை, கன்னிவாடிக்காரி, டாக்டரம்மாவிடம் மூன்று வருடமாக நர்ஸ். இந்த ஆராய்ச்சியில் நடந்த கூத்துக்கு முக்கால்வாசிக் காரணம் நான்தான். அடுத்தவர்கள் கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

டாக்டரம்மா கல்யாணமான புதிதில் ஆறு வருடம் கருத்தடை மாத்திரை சாப்பிட்டவர். ஆறு வருடமும் தலைவலி. "கண்ணு ரெண்டையும் கழட்டி வச்சிரலாம்னு இருக்கும் மணி" என்பார். அந்தக் கோபத்தில் தொடங்கியதுதான் எல்லாம். அவர் செய்தது ஒரு பசை. ஹார்மோன் என்கிற பேச்சே அதில் கிடையாது. ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றாது. பெண் உள்ளே வைத்துக்கொண்டால், வருகிற விந்தணு நகர முடியாமல் அங்கேயே நின்றுவிடும். ஆபத்தில்லாத மருந்து என்று முந்தின சோதனையில் தெரிந்துவிட்டது. கருவைத் தடுக்கிறதா என்பதுதான் பாக்கி. தடுத்தால் பெரிய சோதனை எங்கள் மலைக்கே வரும். இல்லையென்றால் டாக்டரம்மாவின் எட்டு வருட உழைப்பு பரணுக்குப் போகும்.

கொடைக்கானல் பக்கத்து மலைக்கிராமமான பேத்துப்பாறையில் சோதனைக்கு முப்பத்தாறு பெண்கள் சேர்ந்தார்கள். முதல் கையெழுத்து அன்னக்கொடியுடையது. பூண்டு விவசாயம், மூன்று பிள்ளைகள், வாய் கொஞ்சம் அதிகம். "மாத்தர போட்டா வாந்தி. ஊசி போட்டா ரெண்டு மாசமா தீட்டு நிக்கல. இவரு மட்டும் ஒண்ணும் போடாம சும்மா திரியிறாரு" என்று புருஷன் ஆண்டிச்சாமியைக் காட்டிச் சொன்னாள். அந்த ஆள் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தினமும் மருந்து வைக்க வேண்டும். கையில் கொடுத்த நோட்டில் இரண்டு கேள்விகளுக்கு டிக் போட வேண்டும். மருந்து வைத்தீர்களா என்பது ஒன்று. இரண்டாவது கேள்வியை நான் வீடு வீடாகப் போய் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. அதில்தான் எனக்குச் சிக்கல்.

"இதுல 'உடலுறவு'ன்னு போட்டிருக்கே டாக்டரம்மா. நான் எப்படிங்க வாசிப்பேன்? பொம்பளைக சிரிச்சே செத்துருவாக."

"பின்ன என்ன போடச் சொல்ற?"

"'இன்று இல்லறம் நடந்ததா'ன்னு போடுங்க. கௌரவமா இருக்கும்."

"அவங்களுக்குப் புரியுமா?"

"தாலி கட்டுன பொம்பளைக்கு இல்லறம் புரியாதாங்க?" என்று கேட்டேன். அந்த வாயை இப்போது நினைத்தாலும் எனக்கே அறையலாம் போலிருக்கிறது.

கார்த்திகை முதல் வாரத்தில் தொடங்கினோம். இரண்டு மாதம் கழித்து நோட்டுகளை வாங்கிப் பார்த்தோம். அறுபது நாளும் மருந்து. அறுபது நாளும் இல்லறம். முப்பத்தாறு பேரும் அப்படியே. பரிசோதனையில் ஒருத்திகூடக் கர்ப்பமாக இல்லை. ஒன்றுமே வைக்காமல் விட்டிருந்தால் பத்துப் பேராவது உண்டாகியிருப்பார்கள் என்றார் டாக்டரம்மா. சந்தோஷத்தில் அவருக்கு உட்காரவே முடியவில்லை.

ஆனாலும் ஒரு சந்தேகம். "அறுபது நாளும் எப்படி மணி?"

"குளிருங்க டாக்டரம்மா" என்றேன்.

பூண்டு சாப்பிடுவதாலும் இருக்கலாமோ என்று அவர் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். அதன் பிறகு பேத்துப்பாறை ஆண்களை ரோட்டில் பார்த்தால் எனக்குத் தனி மரியாதையே வந்துவிட்டது. எல்லோரும் பச்சை வேட்டியில்தான் போனார்கள். அது என் கண்ணில் பட்டது, மூளையில் படவில்லை. டாக்டரம்மாவுக்கோ பச்சை வேட்டியும் காவி வேட்டியும் தெருவிளக்குக் கம்பம் மாதிரி. பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து, இருப்பதே தெரியாது.

சோதனைக்குப் பணமும் அனுமதியும் தருகிற டெல்லிக் குழுவுக்குத் திங்கட்கிழமை அறிக்கை அனுப்ப வேண்டும். அதற்கு முன்னால் தைப்பூசம் வந்தது. கடையில் கூட்டம் தாங்காது என்று டாக்டரம்மா உதவிக்குப் போனார், கூடவே நானும். காலை பத்து மணிக்கு அரோகரா போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் கடைக்கு வந்தது. முன்னால் ஆண்டிச்சாமி. பின்னால் பஸ்ஸில் வந்து சேர்ந்துகொண்ட அன்னக்கொடியும் மற்றப் பெண்களும்.

"நீங்களும் மாலையா ஆண்டிச்சாமி?" என்றார் டாக்டரம்மா.

"ஊரே மாலைங்க. கார்த்திகை ஒண்ணாந்தேதியே போட்டாச்சு. கலியாணமான ஆம்பள ஒருத்தன் பாக்கியில்ல. படுக்கை எல்லாம் பசனமடத்துலதான். இனி மலையேறிச் சாமி பாத்துட்டுக் கழட்ட வேண்டியதுதான்."

டாக்டரம்மாவின் கையில் இருந்த டப்பா அப்படியே நின்றது. அன்னக்கொடியைப் பார்த்தார்.

"நோட்டுல தினமும் இல்லறம் நடந்துச்சுன்னு போட்டிருக்கீங்களே?"

"நடந்துச்சுங்களே. ஒல வச்சேன், மாட்டுக்குத் தண்ணி காட்டுனேன், பிள்ளைகள வெரசா கெளப்பிப் பள்ளிக்கொடம் அனுப்புனேன். வேற என்னங்க இல்லறம்?"

"அவரு மடத்துல படுத்திருந்தா மருந்து எதுக்கு வச்சீங்க?"

"மருந்த வைக்கச் சொன்னீக, வச்சோம். புருசன வைக்கச் சொல்லலியே!"

கல்லாவில் இருந்த மயில்சாமி மகளின் ஆராய்ச்சியைப் பற்றி வாழ்க்கையில் முதல் தடவையாக வாய் திறந்தார். மலைக்கோயிலைக் கையால் காட்டி, "உன் மருந்தவிட நம்மாளு மருந்து நல்லா வேல செய்யுது பாப்பா" என்றார்.

டாக்டரம்மா உள்ளே போய் நாட்டுச்சர்க்கரை மூட்டைமேல் உட்கார்ந்து அழுதார். நான் கேட்டு வாங்கிப் போட்ட ஒரு சொல்லால் எட்டு வருடம் போகிறது. அதைவிடக் கேவலமாக ஒன்று சொன்னேன்: "டெல்லியில யாருக்குங்க மாலையப் பத்தித் தெரியும்? அப்படியே அனுப்பிருவோம்."

அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "டெல்லிக்குத் தெரியலைன்னா போகுது மணி. அன்னக்கொடிக்குத் தெரியாதே! ரெண்டு மாசமா ஒருத்திக்கும் ஒண்ணுமில்லைன்னு ஊர் பூரா இந்த மருந்த நம்பிக் கெடக்கு. இன்னைக்கு மாலையக் கழட்டுறாங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்ப் பெண்களைக் கூப்பிட்டார். இந்த மருந்து வேலை செய்கிறதா என்று எங்களுக்கே தெரியாது, நம்ப வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அன்னக்கொடிக்கு வந்ததே கோபம். "அப்ப ரெண்டு மாசமா வச்சுக்கிட்டுத் திரிஞ்சது வெட்டிச் சோலியா?" என்று கத்தினாள். தப்பு என்னுடையது என்று சொன்னேன். திட்டும் முழுக்க எனக்கே வந்தது.

தண்டனையும் எனக்குத்தான். தைப்பூசத்தன்று பழனியில் மருந்துக் கடை ஏறி முப்பத்தாறு பாக்கெட் ஆணுறை கேட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். காவடி மேளத்தில் கடைக்காரருக்குக் காது கேட்கவில்லை. மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் சத்தமாகச் சொன்னேன்.

டாக்டரம்மா உள்ளதை உள்ளபடி எழுதி டெல்லிக்கு அனுப்பினார். கணவர்கள் மாலை போட்டிருந்ததால் முடிவு செல்லாது என்று. 'மாலை' என்பது என்ன மருந்து, தினம் எத்தனை வேளை என்று குழுவிலிருந்து கேட்டிருந்தார்கள். "கழுத்தில் போடுவது, பக்க விளைவு மொட்டை" என்று டாக்டரம்மா பதில் எழுதினார். அவர்கள் சிரித்ததாகத் தெரியவில்லை. பெரிய சோதனை வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. சிறிய சோதனையை மட்டும் இன்னொரு தடவை செய்து பார்க்கலாம், அதுவே கடைசி என்றார்கள்.

சித்திரையில் மறுபடி தொடங்கினோம். இருபத்தொன்பது பேர்தான் திரும்பி வந்தார்கள். இரண்டாவது கேள்வியை இந்த முறை அன்னக்கொடி சொல்லச் சொல்ல எழுதினோம்: 'நேத்து அவரும் நீயும் ஒண்ணாச் சேந்தீங்களா?' அதை நான் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று வாசித்தேன். யாரும் சாகவில்லை. சிரித்தார்கள், பிறகு நோட்டை வாங்கிக்கொண்டு போனார்கள்.

மாதம் முடிந்ததும் முதலில் வந்தவள் அன்னக்கொடி. பரிசோதனை அட்டையை மேஜையில் வைத்துவிட்டு மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடம் ஆகியும் இரண்டாவது கோடு வரவில்லை. நான் நோட்டைப் பிரித்தேன். முப்பது நாளில் மூன்றே டிக்.

"மூணுதானா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"மூணுதான்" என்றாள் அன்னக்கொடி. "ஆனா மூணும் நெசம்."