வாகைக்குளத்தில் இறங்க ஒரு பிராசஸர்

என் மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் விமானம் விழுந்தது.

பாபநாசம் மலையிலிருந்து ஆற்றைப் பிடித்துக்கொண்டே வந்தேன். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டி இடப்பக்கம் திரும்பி, வாகைக்குளம் விமான நிலையத்து ஓடுபாதைக்கு நேராக வந்துவிட்டேன். சக்கரம் தரையைத் தொட இன்னும் ஒரு பனைமர உயரம்தான் இருந்தது. அப்போது திரை நின்றது. பாதை, பனை, வானம் எல்லாம் அப்படியே உறைந்தன. மறுபடி அசைந்தபோது விமானம் மூக்கு குத்திக் கிடந்தது. திரை கறுத்துவிட்டது.

காபி டம்ளரோடு பின்னால் நின்றவள் கேட்டாள். "இதுலயா என்னைய ஏறிப் போவச் சொல்லுதிய?"

"இது கம்ப்யூட்டரு. நெசத்துல இப்படி நிக்காது."

"ஏறுறது கூடப் பரவால்ல. இறங்குறதுதான் எனக்குப் பயம்னு சொன்னேம்லா? நல்லா காட்டுனிய போங்க. நான் போவல. மவளுக்குத் தொணைக்கு அவ மாமியாரப் போவச் சொல்லுங்க."

அவள் பயத்தைப் போக்கத்தான் கூப்பிட்டு நிறுத்தியிருந்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்திருக்க வேண்டியவள். பயணம் கூடாது என்று அங்குள்ள டாக்டர் சொல்லிவிட்டார். அப்படியானால் தாய்தான் போக வேண்டும். மருமகனால் ஒரு டிக்கெட்தான் எடுக்க முடிந்தது. திருவனந்தபுரத்தில் இவள் தனியாக ஏற வேண்டும். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் விமானத்தில் ஏறிய ஆள் அதுவரை மகள் மட்டும்தான்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெயின்ட் கடையில் கலர் கலக்கும் மெஷினில் நிற்கிறேன். படிப்பு பத்தாவது. ஆட்களிடம் பேச எனக்கு வராது. டப்பாக்களோடு நிற்பது வசதி. மகள் பாலிடெக்னிக் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் அவள் போனபின் சும்மா கிடந்தது. அதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். வெளியே ஒருவரிடமும் சொன்னதில்லை. இந்த வயதில் இது என்ன விளையாட்டு என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது?

படம் இடறுவது முன்பே உண்டு. திரைக்குப் படம் வரைந்து கொடுக்கும் கிராபிக்ஸ் கார்டுதான் காரணம் என்று நினைத்து, போன வருஷம் ஒரு பழைய கார்டு வாங்கிப் போட்டிருந்தேன். மலை மேலே பறக்கும்போது நன்றாக இருக்கும். ஊர் நெருங்கினால் பழைய கதைதான். அன்று யூடியூப்பில் தேடினேன். தாமதம் யாரால் வருகிறது என்று விளையாட்டுக்குள்ளேயே காட்டும் ஒரு கட்டத்தைத் திரையில் வரவைக்கலாம் என்று ஒருவர் தமிழில் சொன்னார். அதைப் போட்டுவிட்டு மறுபடி பறந்தேன். வாகைக்குளம் நெருங்கியதும் சிவப்பு எழுத்து வந்தது. கார்டு பாதி வேலைகூட இல்லாமல் சும்மா இருக்கிறது, திணறுவது கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர். ஒரு வருஷமாகத் தப்பான ஆளை வைதுகொண்டிருந்திருக்கிறேன்.

அந்த வீடியோக்காரர் இன்னொன்றும் சொன்னார். ஒரு பிராசஸருக்குள் கோர் என்று வேலையாட்கள் மாதிரிப் பல பேர் உண்டாம். விமானம் ஓட்டும் விளையாட்டில் பெரும்பாலான வேலை ஒரே கோரின் தலையில்தான் விழுமாம். எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்றுதான் பார்க்க வேண்டுமாம். எனக்குச் சட்டென்று புரிந்தது. எங்கள் கடையில் டப்பா தூக்க எத்தனை பேர் நின்றாலும் கலர் கலக்குவது நான் ஒருவன்தான். என் கை ஓடினால்தான் கடை ஓடும்.

வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடை. எதிரே டீக்கடையில் நின்று, அங்கே கூட்டம் குறைந்தபின் உள்ளே போனேன். கடைக்காரர் என்னைவிட இளையவர்.

"வாங்க அண்ணாச்சி. மவனுக்கா?"

எனக்கு மகன் இல்லை. ஆனால் வாயில் "ஆமா" என்று வந்துவிட்டது.

"என்ன கேம் ஆடுதான்?"

"பிளேன் ஓட்டுதான்."

"அப்போ புதுசாவே போட்டுருவோம்" என்று கால்குலேட்டரை எடுத்தார். புதுப் பிராசஸர், அது உட்காரப் புதுப் போர்டு, அந்தப் போர்டுக்குப் புது ராம். அவர் காட்டிய தொகைக்கு எங்கள் தெருவில் ஒருவர் ஓடுகிற பைக்கே வாங்கியிருந்தார்.

"இருக்க போர்டுலயே உக்கார்ற மாதிரி... பழசா..." என்று இழுத்து, எழுதிக் கொண்டுபோன போர்டு பேரைக் காட்டினேன்.

உள்ளே போய் இரண்டு எடுத்து வந்தார். "இது எட்டு கோரு, இது ஆறு. எட்ட எடுத்துட்டுப் போங்க, பய துள்ளிக் குதிப்பான்."

"ஒத்தக் கோரு எதுல வேகம்?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஆறுலதான். இந்த எட்டு கரண்டு மிச்சம் பிடிக்கிற ரகம், வேகம் கம்மி. மவன் வெவரமாத்தான் சொல்லிவிட்டிருக்கான். வெலையும் கொறவுதான், கொண்டு போங்க. நாளைக்கு மிஷினத் தூக்கிட்டு வந்தா மாட்டித் தாரேன். பழைய சாமான், திருப்பி எடுக்கமாட்டேன், பாத்துக்கோங்க."

வீட்டுக்கு வந்ததும், எது வாங்கினாலும் வைப்பதுபோல, அதையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு வந்து அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியை எடுத்தால் சந்தன வாசனை வந்தது. திறந்தேன். பிராசஸரின் அடிப்பக்கம், வரிசை வரிசையாகப் பொன் புள்ளிகள் இருக்குமே, அதன் நட்டநடுவில் பெரிய சந்தனப்பொட்டு. அதற்கு மேல் குங்குமம்.

"ஏளா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"என்ன செஞ்சு வச்சிருக்க?"

"புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காண்டாமா? குக்கருக்கு வச்சேன், பேசாமத்தான இருந்திய?"

"அந்தப் பக்கத்துலயா வைப்பாவ?"

"பொன்னு கணக்கா மின்னிச்சு. அதுதான் முகம்னு நெனச்சேன்."

அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு நரம்பு மாதிரி. ஒன்று அடைத்தாலும் எல்லாம் போச்சு. அவள் ஈரத்துணியோடு குனிந்தாள். "தொடாத!" என்று கத்தினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அப்படிக் கத்தியதில்லை. அவள் துணியைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு பைய, "என்னையப் போவ வைக்கத்தானே இத வாங்குனிய? வாங்க, நானும் கடைக்கு வாறேன். செஞ்சவ நானே சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

ஆட்டோவில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு போனோம். கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார்.

"லாரிக்கு வச்சுப் பாத்திருக்கேன், ஜெனரேட்டருக்கு வச்சுப் பாத்திருக்கேன். இதுக்கு இன்னைக்குத்தான் பாக்கேன் மதினி. மவன் சத்தம் போடலையா?"

"எந்த மவன்? எங்களுக்கு ஒத்தப் பொம்பளப் பிள்ளதான். பிளேன் ஓட்டுறது இவியதான்."

நான் தரையைப் பார்த்தேன்.

"அண்ணாச்சி!" என்றார் அவர். கேலியாக இல்லை. "எங்கன இறக்குவிய?"

"வாகைக்குளத்துல."

ஸ்பிரிட்டில் மெல்லிய பிரஷ்ஷை நனைத்துத் துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மறுபடி துடைத்தார். மேல்பக்கம் சூடு தணிக்கும் பேஸ்ட் தடவி மாட்டி, பொத்தானை அழுத்தினார். காற்றாடி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். அப்புறம் எழுத்து வந்தது.

அன்று சாயங்காலம் கட்டடங்களையும் வண்டி நடமாட்டத்தையும் கொஞ்சம் குறைத்து வைத்துப் பறந்தேன். அணைக்கட்டில் திரும்பினேன். ஓடுபாதை வந்தது. படம் இடறவில்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"கடகடன்னு என்ன சத்தம்?"

"சக்கரம் வெளிய வருது."

"மூக்கு ஏன் தூக்குது?"

"பின் சக்கரம்தான் மொதல்ல தொடணும்."

தொட்டது. நின்றது. நான் திரும்பினேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காலையில் மாடிக்குப் போனால், பரணில் கிடந்த சூட்கேஸ் கழுவி வெயிலில் திறந்து கிடந்தது.

மஸ்கட் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தாள். மகளைப் பற்றித்தான் முதலில் சொல்வாள் என்று நினைத்தேன்.

"பக்கத்து சீட்டுல வள்ளியூர்க்காரப் பிள்ள ஒண்ணு. இறங்கும்போது பயந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு. சக்கரம்தான் வெளிய வருது, பயப்படாத, பின் சக்கரம் மொதல்ல தொடும் பாருன்னேன். அதே கணக்காத் தொட்டுச்சு."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அது கேக்கு, நீங்க அடிக்கடி பிளேன்ல போவியளோ அம்மான்னு."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? வாயில ஆமான்னு வந்துட்டு."