பதினொரு இடைவெளிகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு ரப்பர்ச் சுருள் கிடக்கிறது. கதவு விளிம்பில் ஒட்டுகிற, ஒரு பக்கம் பசை பூசிய, கறுத்த பஞ்சு ரப்பர். போன கிழமையும் அதை விரித்து அளந்தேன். மூன்று மீற்றருக்கு ஒரு சாண் குறைவு. அது பத்து மீற்றர்ச் சுருள். மிச்சம் முழுவதும் என் சகலனின் டிராக்டரில் ஒட்டியிருக்கிறது.

சகலன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர், என்னைவிட ஆறு வயது இளையவர். சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஓர் இறைச்சிக் களஞ்சியத்தின் குளிரறையில் இருபத்திரண்டு வருடம் பெட்டி அடுக்கினார். உறைபனியில் நின்று நின்று விரல் நுனிகள் வெளிறிப்போயிருந்தன. ஓய்வு பெற்றதும் பிளாக்டவுனுக்கு வடக்கே ஐந்து ஏக்கர் காணி வாங்கிப் பன்னிரண்டு ஆடு வளர்த்தார். "இனிமேல் குளிர் எனக்கு வெளியிலைதான் நிக்கவேணும் அண்ணை. உள்ளுக்கை விடமாட்டன்" என்பார். அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

அந்தக் காணிக்கென்று பழைய புல்வெட்டும் டிராக்டர் ஒன்று வாங்கினார். அதன் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் செத்துப்போனதும், யாரோ எறிந்த ஜெனரேற்றரின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினைக் கழற்றிவந்து அதில் ஏற்றினார். பூட்ட வேண்டிய துளை நான்கில் ஒன்றுதான் பொருந்தியது. மற்ற மூன்றையும் புதிதாகத் துளைத்தார். பிறகு டிராக்டரின் இருக்கையைச் சுற்றி ஒரு கூடு கட்டினார். சட்டம் இரும்பு, கூரை பலகை, முன்னும் பக்கமும் குளியலறைத் தடுப்பிலிருந்து கழற்றிய கண்ணாடி. அந்த எஞ்சின் காற்றில் ஆறுகிறது. கார்களில் ஓடுவதுபோல் அதில் சுடுதண்ணீர் ஓடுவதில்லை. ஆகவே சூட்டைப் புகைக்குழாயிலிருந்து எடுத்தார். குழாயைச் சுற்றித் தகரத்தால் ஓர் உறை செய்து, ஒரு சிறு விசிறியால் அந்த உறைக்குள் காற்றை ஊதி, சூடேறிய காற்றைத் தன் காலடிக்குக் கொண்டுவந்தார். ஆடுகளுக்கு வைக்கோல் இழுத்துப் போகும் விடியற்காலைகளுக்காக அத்தனை பாடு.

நான் தண்ணீர் விநியோகத்தில் பொறியியலாளனாக இருந்தவன். எதைப் பார்த்தாலும் எண்ணுவேன், எண்ணியதும் பயப்படுவேன். பக்கத்தில் கதிரை போட்டிருந்து, இந்த வண்டியில் ஒன்பது விஷயம் பிழைக்கலாம் என்று விரல் மடித்துச் சொன்னேன். சரிவில் கவிழலாம், பெல்ற் அறலாம், பெற்றோல் குழாய் சூட்டில் உருகலாம். நாலாவது, புகைக்குழாயில் வெடிப்பு விட்டால் நச்சுக் காற்று அந்த உறை வழியாக நேரே கூட்டுக்குள் வரும்.

"அண்ணை, ஒரு சாமான் பழுதாக உங்களிட்டை ஒன்பது வழி இருக்கும். பழுதாகாமல் ஓட ஒரு வழி சொன்னதில்லை" என்றார் சகலன்.

"அத்தான் போன மாசம் என்ரை இடியப்ப உரலுக்கும் ஆறு சொன்னவர்" என்றாள் மச்சாள், அவர் மனைவி, குசினி யன்னலிலிருந்து.

அவர் எஞ்சினை ஓடவிட்டு, ஊதிவந்த காற்றை முகர்ந்தார். "பாருங்கோ, ஒரு மணமும் இல்லை."

"அந்தக் காற்றுக்கு மணமே கிடையாது தம்பி."

"அப்ப அது பத்தாவதோ?" என்று விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நல்ல காலத்துக்கு, கூடு ஓட்டையாக இருந்தது. பலகையும் கண்ணாடியும் சேராத இடங்களை எண்ணினேன்: பதினொன்று. குளிர்காலம் பிறந்ததும் சகலனுக்குக் காலையில் தலையிடி தொடங்கியது.

எங்கள் ஊர்ப் பேச்சில் காலைத் தலையிடிக்குக் காரணம் ஒன்றுதான். பனி. பனிக்குள் நின்றாய், தலை இடிக்கிறது. அந்தச் சொல் வந்துவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை, வைத்தியரிடம் போவதுமில்லை. "பனி பிடிச்சிட்டுது அண்ணை, அந்த ஓட்டையளாலை உள்ளுக்கை வருது" என்று சொல்லி, ரப்பர்ச் சுருள் வாங்கி ஒட்டத் தொடங்கினார். அடுத்த முறை நான் எண்ணியபோது ஏழு இருந்தன. தலையிடி கூடியது. கம்பளிக் குல்லாவின் மேல் ஒரு துவாயும் கட்டிக்கொண்டு இன்னும் ஒட்டினார். பிறகு இரண்டு. மச்சாள் வேர்க்கொம்புச் சுக்கு உரைத்து நெற்றியில் பூசி, மல்லித்தண்ணி அவித்துக் கொடுத்தாள். குசினியில் அதைக் குடித்து அரை மணித்தியாலம் இருந்தால் தலை தெளிந்துவிடும். ஒவ்வொரு நாளும் தெளிந்தது. பனிதான் என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

கடைசி இரண்டு இடைவெளிகளையும் அவர் எப்போது அடைத்தார் என்று எனக்குத் தெரியாது. மச்சாள் தொலைபேசி எடுத்த அன்று ஓர் இடைவெளியும் இருக்கவில்லை.

"அத்தான், உடனை வாங்கோ. இவர் எழும்புறாரில்லை."

வைக்கோல் இறக்கப்படாமலே இருந்ததாம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம். பன்னிரண்டு ஆடுகளும் கூட்டைச் சுற்றி நின்று கத்த, அவர் கண்ணாடிக்குப் பின்னால் முகம் சிவந்து, நன்றாகச் சூடு பிடித்தவர்போல் இருந்தாராம். சூட்டில் அயர்ந்துவிட்டார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஆடுகளை அதட்டவும் செய்தாள், அவரை எழுப்பிவிடும் என்று.

உயிர் மிஞ்சியது. மூளையில் பாதி மிஞ்சவில்லை. ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் என்ன ஹீட்டர் என்பது. இரத்தத்தில் புகையின் நச்சு ஏறியிருக்கிறது என்றார். பிறகு நான் போய்த் தகர உறையைக் கழற்றினேன். புகைக்குழாயின் மூட்டில் நகக்கண் நீளத்தில் ஒரு வெடிப்பு. ஏற்றிவைத்த எஞ்சினின் நடுக்கத்தைப் பழைய சட்டம் தாங்கவில்லை. நாலாவது அது. ஒன்பதோடு ஒன்றாகச் சொல்லப்பட்டதால் யாருக்கும் கேட்காமல் போன நாலாவது.

மச்சாள் இன்னும் ஒரே கேள்வியைக் கேட்கிறாள். "மல்லித்தண்ணி குடுக்கத் தலையிடி மாறினதுதானே அத்தான்? அப்ப எதாலை மாறினது?" குசினியின் பின்கதவு எப்போதும் திறந்திருக்கும், வெளிக்காற்று வரும் என்பதை அவள் யோசித்துப் பார்க்காமல் இருக்கட்டும் என்று நான் பேச்சை மாற்றுகிறேன். எதற்கும் ஒன்பது பதில் வைத்திருந்தவன்.

அவர் இப்போது ஒரு பராமரிப்பு நிலையத்தில், யன்னலோரக் கதிரையில் இருக்கிறார். டிராக்டரும் ஆடுகளும் நினைவில் இல்லை. மச்சாளைச் சில நாள் தெரியும். என்னை "அண்ணை" என்கிறார். எல்லா ஆண்களையும் அப்படித்தான் கூப்பிடுகிறார். அதோடு இன்னும் ஒரு சொல் மட்டும் பழுதாகாமல் இருக்கிறது.

"அண்ணை, யன்னலைச் சாத்துங்கோ. பனி வருது."

நேற்றும் சொன்னார். நான் எழுந்துபோய், யன்னலை நாலு விரல் அகலத்துக்குத் திறந்தபடியே விட்டு, திரையை மட்டும் இழுத்து மூடினேன்.

"ஓம், இப்ப சரி" என்றார். "இப்ப ஒரு ஓட்டையும் இல்லை."

"இல்லை தம்பி" என்றேன்.

திரை காற்றில் உள்ளே உப்பி, தணிந்து, மறுபடி உப்பியது. அவர் குல்லாவைக் காதுவரை இழுத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி இருந்தார். வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்தேன். சுருளில் இன்னும் மூன்று மீற்றருக்கு ஒரு சாண் குறைவு.