வாயைத் திறந்தவர்களுக்கு ஓர் ஆங்கிலக் கட்டுரை

"இன்னும் கொஞ்சம் பெருசா திறங்க" என்று சொல்லிவிட்டு, எச்சில் உறிஞ்சும் குழாயை என் கடைவாயில் செருகிப் பிடித்தபடி, டாக்டருக்குப் பக்கத்தில் நின்ற அம்மா நூலகத்தின் பயன்களை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். "லைப்ரரி இஸ் எ டெம்பிள் ஆஃப் நாலெட்ஜ்." மரத்துப்போன தாடையுடன் நான் திருதிருவென்று விழித்தேன். டாக்டர் காதில் எதுவும் விழாதவர்போல என் பல்லைக் குடைந்துகொண்டிருந்தார். அந்த அறைக்கு அது பழகிப்போன சத்தம்.

பல் ஆஸ்பத்திரியில் எல்லோரும் அந்த அம்மாவைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நர்ஸ் படிப்புப் படித்தவரில்லை. டோக்கன் கொடுப்பார், கருவிகளைக் கொதிக்க வைப்பார், அழுகிற குழந்தைகளுக்கு வேடிக்கை காட்டுவார், அழாமல் நடுங்குகிற பெரியவர்களைக் கையைப் பிடித்து நாற்காலிக்கு அழைத்துப் போவார். டாக்டரின் உதவியாளராக உயர வேண்டுமானால், எல்லா வேலைக்கும் பொதுவான ஓர் ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். பேச்சுத் தேர்வில்தான் போன தடவை விழுந்தார். "நம்ம மண்டை அப்படி. உருப்போட்டாதான் நிக்கும்" என்பார், செருப்பு அளவைச் சொல்வதுபோல.

உருப்போட்டது நிற்கும், ஆனால் நடுவில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. யாராவது ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் போதும், நூல் அறுந்துவிடும். திரும்பவும் முதல் வரியிலிருந்துதான் கிளம்ப வேண்டும். வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட இதே கதி. அதனால்தான் நோயாளிகளைப் பிடித்துக்கொண்டார். வாய்க்குள் குழாயோடு படுத்திருப்பவன் குறுக்கே என்ன கேட்டுவிட முடியும்?

குக்கரைவிடப் பெரிய தொல்லை கணவர். எலக்ட்ரீஷியன். மேற்பார்வையாளர் ஆவதற்கு அவருக்கும் அதே தேர்வு தேவைப்பட்டது. புத்தகத்தைத் தொடவில்லை. "இங்கிலீஷ் ரத்தத்துல இருக்கணும். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிச்சா வந்துருமா?" என்று டிவிக்கு முன்னால் கால் நீட்டியபடி மனைவியைக் கேலி செய்வார். அவர் ரத்தத்தில் 'நோ ப்ராப்ளம்' தாராளமாக ஓடியது.

இருவரும் ஒரே நாளில் தேர்வுக்குப் போனார்கள். நடந்ததை என் அடுத்த சிகிச்சையின்போது சிஸ்டர் சொன்னார். இடையில் கேள்வி கேட்கும் நிலையில் நான் இல்லை.

முதலில் கணவர் போனார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கேள்வி பிடிபடவில்லை. அதற்காக அவர் அசருவாரா? மின்சாரத்தைப் பற்றிச் சரளமாகப் பேசிவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். "ஊதித் தள்ளிட்டேன்" என்றாராம்.

சிஸ்டருக்கு வாய்த்த தேர்வாளர் வரிக்கு வரி குறுக்கிடுகிறவர். நீங்கள் எந்த நூலகத்துக்குப் போவீர்கள்? சிஸ்டர் முதல் வரிக்குப் போனார். கடைசியாகப் படித்த புத்தகம் எது? மறுபடி முதல் வரி. இன்னொரு கேள்வி. தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார். இந்தத் தடவையும் போச்சு என்று சிஸ்டருக்குக் கண்ணீர் முட்டியது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, பழக்க தோஷத்தில் கை தேர்வாளரின் தாடையை நோக்கி நீண்டுவிட்டது.

"சார், ஸ்மால் டைம், யூ மவுத் க்ளோஸ்."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தாராம். தேர்வாளர் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். இப்படி எல்லாரையும் அதட்டும்படி உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார். சிஸ்டர் சொல்ல ஆரம்பித்தார். விரலைக் கடிக்கும் குழந்தைகள், ஊசியைப் பார்த்ததும் பல்வலி போய்விட்டதாகச் சத்தியம் செய்யும் ஆண்கள் என்று, எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஓர் ஆங்கிலத்தில், கையையும் காலையும் சேர்த்துக்கொண்டு சொன்னார். தேர்வாளர் நடுநடுவே கேட்டுக்கொண்டேதான் இருந்தார். இவருக்கு அது குறுக்கீடாகவே தோன்றவில்லை.

சிஸ்டர் தேறினார். கணவர் தேறவில்லை. "உருப்போட்டவ பாஸாகாம பின்னே யார் பாஸாவா?" என்று கணவர் தன்னைத் தேற்றிக்கொண்டார். கட்டுரையைப் பாதியிலேயே கைவிட்ட கதையைச் சிஸ்டர் அவரிடம் சொல்லவே இல்லை.

"நொந்துபோய் இருக்கிற மனுஷன். அவர் நினைக்கிறபடியே இருந்துட்டுப் போகட்டும் சார்" என்றார் என்னிடம்.

சில மாதம் கழித்து எங்கள் கட்டடத்தில் ஃப்யூஸ் போயிற்று; சரிசெய்ய வந்தவர் சிஸ்டரின் கணவர். ஏணி மேல் நின்று ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்த அவருடைய உதடுகள் அசைந்தன. சுத்தத்தின் அவசியம் பற்றிய ஆங்கிலக் கட்டுரை. நான் நிமிர்ந்து பார்த்ததும் இருமிச் சமாளித்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை.

அடுத்த தேர்வில் அவரும் தேறிவிட்டார். வாழ்த்திவிட்டு வரலாமென்று வீட்டுக்குப் போனேன். என்னை உட்கார வைத்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்: "புத்தகத்தைப் பிரிக்கவே இல்ல சார். நமக்கு அது தானா வரும்."

சமையலறை வாசலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த சிஸ்டர், வெகுநேரம் டம்ளரை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.