செத்த பிறகும் வாயடங்காதவள்

டப்பிங்காரிக்கு வாய்தான் பிழைப்பு. வெளிநாட்டுத் தொடர் ஒன்றில் வரும் ஜேப்படிக்காரிக்குப் பல வருஷமாக அவள்தான் குரல். திரையில் அந்தத் திருடி உதட்டை அசைத்தால் இவள் பேசவேண்டும், மூடினால் நிறுத்தவேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் எப்போது என்று தெரியவில்லை, திருடி ஸ்டூடியோவிலிருந்து இவள் பின்னாலேயே வந்து மண்டைக்குள் குடியேறிவிட்டாள்.

வந்தவள் சும்மா இருந்தாளா? பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து, “பர்ஸைப் பின்பாக்கெட்ல வச்சிருக்கான் பாரு, மடையன்” என்பாள். மாமியார் குத்தலாக ஏதாவது சொன்னால் சுடச்சுடப் பதில் எடுத்துக் கொடுப்பாள். அதில் பாதியை டப்பிங்காரி விழுங்கியதால்தான் குடும்பம் ஓடியது. வெறும் கற்பனை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் இவளுக்கு ஏழு ஜென்மத்துக்கும் தோன்றாத யோசனையெல்லாம் அவளுக்குத் தோன்றியது.

அன்றைக்குக் கடைசிப் பகுதி. திருடி குண்டடிபட்டுச் சாகிறாள். காலையில் துணி மடிக்க உட்கார்ந்த டப்பிங்காரிக்குக் கை ஓடவில்லை. கூட இருந்த நாத்தனாரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

“என் வாயாலயே அவளைச் சாகடிக்கணும். அப்புறம் அவ வராமலே போயிட்டா?”

நாத்தனார் சிரிக்கவில்லை. “எனக்குள்ள நாங்க மூணு பேர் இருக்கோம் அண்ணி” என்றாள், தலையணை உறையை உதறியபடி.

டப்பிங்காரி வாயைப் பிளந்தாள். “அவங்க எந்தக் கதையிலேருந்து?”

“எந்தக் கதையும் இல்ல. உங்க ஆளு வெளியிலேருந்து குடிவந்தவ. நாங்க சின்ன வயசுலேருந்தே இங்கயே வளர்ந்தவங்க. ஒருத்தி முன்னால வந்தா மத்தவங்க ஒதுங்கிக்குவோம். நேத்து உங்ககிட்டச் சண்டை போட்டது நான் இல்ல, அந்தச் சிடுமூஞ்சி.”

“நல்ல வசதிடி உனக்கு!”

“உங்க கதையும் எங்க கதையும் ஒண்ணு இல்ல அண்ணி, ஆனா பக்கத்துப் பக்கத்து வீடு. அங்க கதை முடிஞ்சா இங்க குடிவந்தவ ஏன் சாகணும்? அவளையே கேளுங்க.”

கேட்டாள். திருடி வாய் திறக்கவில்லை. அதில்தான் டப்பிங்காரி கலங்கிப்போனாள்.

ஸ்டூடியோவில் சாகும் வசனத்தை உருகி உருகிப் பேசினாள். திரையில் தலை சாய்ந்தது, உதடு மூடியது. அதற்குப் பிறகும் இவள் வாயிலிருந்து, “டேய், யாருகிட்ட!” என்று கிளம்பியது.

சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றினான். “அக்கா, அவ செத்துட்டா. வாய் மூடியிருக்கு.”

“சாரி தம்பி.”

மறுபடி எடுத்தார்கள். மறுபடி செத்தாள். “இதெல்லாம் ஒரு சாவா?” என்றது வாய்.

“அக்கா, செத்தவங்க பேசக்கூடாது” என்றான் அவன், காலில் விழாத குறையாக.

அடுத்த முறை வசனம் முடிந்ததும் கர்ச்சீப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். டேக் ஓகே ஆனது. மண்டைக்குள் சத்தமே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் ஒருவனுடைய பர்ஸ் பின்பாக்கெட்டிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டப்பிங்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாவி, என் கையாலேயே அவள் வாயை அடைத்தேனே என்று வீடு வரைக்கும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள்.

நாத்தனார் கதவைத் திறந்து முகத்தைப் பார்த்தாள். “எத்தனை பேர் வந்திருக்கீங்க அண்ணி?”

நான் மட்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தாள்.

“ரெண்டு பேர்னு சொல்லுடி” என்றாள் உள்ளேயிருந்து திருடி. “துணியைத் திணிச்சியே, அந்தக் கோபம் இன்னும் தீரல. பசிக்குதுன்னும் சேர்த்துச் சொல்லு.”